பொதி மேலாளர் தானே செய்யாத வேலைகள்: துணை நிரல் தோற்றால் என்ன நடக்க வேண்டும்?

பொதி மேலாளர் என்பது மென்பொருள் பொதிகளை நிறுவி, மேம்படுத்தி, நீக்கும் நிரல். டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் ஆகிய லினக்ஸ் வகைகளைச் சர்வர்களிலும் சொந்தக் கணினிகளிலும் பராமரிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். புதிதாக லினக்ஸுக்கு வந்தவர்கள் கேட்டவை முதலிலும், சொந்தமாகப் பொதி தயாரிப்பவர்கள் கேட்டவை பின்னாலும் வருகின்றன. டெபியனில் பொதிகளை வட்டில் நிறுவும் கருவியான டிபிகேஜியை எடுத்துக்காட்டாக அதிகம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தோல்வி நேர்ந்தால் எந்தப் படியில் எதைச் செய்ய வேண்டும் என்பதை அதன் விதிநூல் விரிவாக எழுதி வைத்திருக்கிறது.

துணை நிரல் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஆப்ட்தானே எல்லாவற்றையும் செய்கிறது?

டெபியனிலும் உபுண்டுவிலும் பொதிகளை நிறுவ நாம் இயக்கும் கட்டளையான ஆப்ட் நேரடியாகச் செய்வது மிகக் குறைவு. எந்தப் பொதிக்கு எது தேவை என்று கணக்குப் போடுவது அதன் சொந்த வேலை. கோப்பை இணையத்திலிருந்து இறக்குவதற்குத் தனி நிரல்களை அது இயக்குகிறது. கையொப்பத்தைச் சரிபார்க்க இன்னொரு நிரலை அழைக்கிறது. பொதியை விரித்து வட்டில் எழுதும் வேலையை டிபிகேஜியிடம் ஒப்படைக்கிறது. டிபிகேஜியும் ஒவ்வொரு பொதிக்குள்ளும் இருக்கும் ப்ரீஇன்ஸ்ட் (நிறுவலுக்கு முன்), போஸ்ட்இன்ஸ்ட் (நிறுவிய பின்), ப்ரீஆர்எம் (நீக்கத்துக்கு முன்), போஸ்ட்ஆர்எம் (நீக்கிய பின்) என்ற நான்கு பராமரிப்பு ஸ்கிரிப்ட்களை உரிய நேரத்தில் இயக்குகிறது.

அந்த ஸ்கிரிப்ட்கள் மேலும் பல நிரல்களை அழைக்கும். பயனர் கணக்கு உருவாக்குவது, சேவையைத் தொடங்குவது, பகிரப்பட்ட நூலகங்களின் பட்டியலைப் புதுப்பிப்பது, கணினி எழும்போது தேவைப்படும் இனிட்ராம்எஃப்எஸ் படத்தைக் கட்டுவது என்று அது நீண்டுகொண்டே போகும். பொதி மேலாளர் தன் குறிமுறைக்கு வெளியே இயக்கி, முடிவுக்காகக் காத்திருக்கும் எதுவாக இருந்தாலும் அதை இந்தப் பக்கத்தில் துணை நிரல் என்கிறேன்.

ஒரு நிரல் தோற்றுவிட்டது என்பதை இன்னொரு நிரல் எப்படித் தெரிந்துகொள்கிறது?

யூனிக்ஸ் மரபில் முடிந்துபோகும் ஒவ்வொரு நிரலும் ஒரு எண்ணை விட்டுச் செல்கிறது. சுழியம் என்றால் வெற்றி, வேறு எந்த எண்ணும் தோல்வி. கட்டளைகளை இயக்கித் தரும் ஷெல் சில எண்களுக்குத் தனிப் பொருள் வைத்திருக்கிறது. 127 என்றால் அழைத்த கட்டளையே கிடைக்கவில்லை, 126 என்றால் கட்டளை இருக்கிறது ஆனால் இயக்க முடியவில்லை. ஒரு சிக்னலால், அதாவது வெளியிலிருந்து வந்த அறிவிப்பால், கொல்லப்பட்ட நிரலுக்கு 128 உடன் சிக்னலின் எண்ணைக் கூட்டிச் சொல்லும். நினைவகம் தீர்ந்துபோய், இயக்குதளத்தின் மையமான கெர்னல் ஒரு நிரலைக் கொல்லும்போது 137 என்று வருவது 128 உடன் 9 சேர்ந்ததால்தான்.

நல்ல பொதி மேலாளர் இந்த வேறுபாடுகளை ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிடக் கூடாது. ஸ்கிரிப்ட் தானாக 1 என்று சொல்லி முடிந்ததையும், சிக்னலால் கொல்லப்பட்டதையும் டிபிகேஜி தனித்தனிச் செய்திகளாகத் தருகிறது. முதலாவது பெரும்பாலும் பொதியிலோ அமைப்புக் கோப்பிலோ உள்ள குறை, இரண்டாவது பெரும்பாலும் கணினியின் நிலைமை. தேட வேண்டிய இடங்களே வேறு.

"துணைச் செயல்முறை டிபிகேஜி பிழை எண் 1 தந்தது" என்று வருகிறது. ஆப்ட் கெட்டுப்போய்விட்டதா? திரும்ப நிறுவ வேண்டுமா?

இல்லை. சங்கிலியின் கடைசியில் இருப்பவர் சொல்லும் செய்தி அது. ஏதோ ஒரு கட்டளை தோற்றது, அதனால் போஸ்ட்இன்ஸ்ட் தோற்றது, அதனால் டிபிகேஜி தோற்றது, அதை ஆப்ட் உங்களிடம் சொல்கிறது. கடைசி வரியை மட்டும் படமெடுத்துக் கேட்பவர்களுக்கு யாராலும் விடை சொல்ல முடியாமல் போவது இதனால்தான். உண்மையான காரணம் பல வரிகள் மேலே, முதலில் வந்த பிழையில் இருக்கும். திரை ஓடிப்போயிருந்தால் வார் அடைவுக்குள் லாக், அதற்குள் ஆப்ட் என்ற அடைவில் உள்ள டெர்ம் என்ற பதிவுக் கோப்பில் முழு வெளியீடும் கிடைக்கும்.

பொதி மேலாளரை எழுதுபவர்களுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. தோற்ற ஸ்கிரிப்டின் பெயர், பொதியின் பெயர், வெளியேறும் எண், அது கடைசியாக எழுதிய வரிகள் ஆகிய நான்கும் ஓரிடத்தில் சேர்ந்து வர வேண்டும். அவற்றில் ஒன்று குறைந்தாலும் பயனர் தேடுபொறியில் பொதுவான வாசகத்தைத் தட்டி, தனக்குச் சம்பந்தமில்லாத வேறொருவரின் தீர்வைத் தன் கணினியில் இயக்கிவிடுவார்.

தோற்றவுடன் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டால் வம்பே இல்லையே. ஏன் அப்படிச் செய்வதில்லை?

செய்ய முடிந்த இடத்தில் செய்கிறார்கள். டிபிகேஜி ஒரு பொதியை மேம்படுத்தும்போது முதலில் பழைய பொதியின் ப்ரீஆர்எம் இயங்கும். அது தோற்றால் புதிய பொதியின் ப்ரீஆர்எம்மை, பழையது தோற்றுவிட்டது என்ற குறிப்புடன் அழைத்து இன்னொரு வாய்ப்பு தருகிறது. அதுவும் தோற்றால் பழைய பொதியின் போஸ்ட்இன்ஸ்ட்டை, மேம்படுத்தல் கைவிடப்பட்டது என்ற குறிப்புடன் இயக்கிப் பழைய நிலைக்குத் திரும்ப முயல்கிறது. கோப்புகளை விரிக்கும் கட்டம் வரை ஒவ்வொரு படிக்கும் இப்படி ஒரு திரும்பும் வழி வகுக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் போஸ்ட்இன்ஸ்ட் இயங்கத் தொடங்கிய பிறகு திரும்பும் வழி கிடையாது. அதற்குள் பழைய பதிப்பின் கோப்புகள் போய்விட்டன. அதைவிட முக்கியமாக, அந்த ஸ்கிரிப்ட் தரவுத்தளத்தின் வடிவத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றத் தொடங்கியிருக்கலாம். பாதி மாற்றிய தரவின் மேல் பழைய நிரலைக் கொண்டுவந்து வைத்தால் அது தரவைக் கெடுத்துவிடும். அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, அந்தப் பொதியைப் பாதி அமைக்கப்பட்டது என்ற நிலையில் குறித்துவைத்து டிபிகேஜி நிற்கிறது. இது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். பொய்யான பின்வாங்கலைவிட, நின்ற இடத்தை உண்மையாகச் சொல்வது பாதுகாப்பானது.

அப்படியானால் எப்போது நிறுத்த வேண்டும், எப்போது தொடரலாம்? இதற்கு ஒரு விதி இருக்கிறதா?

இரண்டு கேள்விகளை ஒருசேரக் கேட்க வேண்டும். முதலாவது, துணை நிரல் இயங்கும்போது வட்டில் ஏதாவது மாறிவிட்டதா என்பது. இன்னும் எதுவும் மாறவில்லை என்றால் தோல்வியை மதித்து நிறுத்துவதே எப்போதும் நல்லது, ஏனென்றால் நிறுத்துவதால் இழப்பு எதுவும் இல்லை. ஆப்ட், டிபிகேஜியை அழைப்பதற்கு முன் இயக்கும் ஹூக்குகளில் (குறித்த கட்டத்தில் தானாக இயங்கும்படி சேர்த்துவைத்த கட்டளைகளில்) எது தோற்றாலும் வேலையைக் கைவிடுவது இதனால்தான். எட்சிகீப்பர் என்ற கருவியில் ஒரு விருப்பத்தை இயக்கி வைத்தால், அமைப்புக் கோப்புகளில் பதிவு செய்யப்படாத மாற்றங்கள் இருக்கும்போது நிறுவலைத் தொடங்கவே விடாமல் தடுக்கும். ஆர்ச்சின் பொதி மேலாளரான பேக்மேன் 2016இல் 5.0 பதிப்புடன் ஹூக்குகளைக் கொண்டுவந்தபோது, தோற்றால் கைவிடு என்ற விருப்பத்தைப் பரிமாற்றத்துக்கு (ஒரு முறையில் செய்யும் நிறுவல், நீக்கல்களின் தொகுப்புக்கு) முன் இயங்கும் ஹூக்குகளுக்கு மட்டுமே செல்லும்படி வைத்ததும் இதே சிந்தனைதான்.

இரண்டாவது, அந்தத் துணை நிரலின் வேலை நடக்காவிட்டால் பொதி தன் வேலையைச் செய்யுமா என்பது. பயனர் கணக்கு உருவாகாவிட்டால் தரவுத்தளச் சேவை ஓடாது, ஆகவே அது பொதியின் தோல்வி. ஐகான் தற்சேமிப்பு புதுப்பிக்கப்படாவிட்டால் பட்டியலில் ஒரு படம் தெரியாது, அதற்காகப் பொதியையே தோற்றதாகக் கணக்கில் எழுத வேண்டியதில்லை. மாற்றம் தொடங்கிய பிறகு தோல்வி வந்தால், சம்பந்தமில்லாத மற்ற பொதிகளை முடித்துவிட்டு, தோற்றதையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் நிறுத்திவைக்க வேண்டும். டிபிகேஜி அப்படித்தான் தொடர்கிறது. இயல்பாக 50 பிழைகள் சேர்ந்தால்தான் முழுவதுமாகக் கைவிடும்.

தொடர்வதையும் மறப்பதையும் ஒன்றாக்கிவிடுவது பலர் விடும் பிழை. தோல்வியை மன்னித்துத் தொடர்ந்தாலும் அதை நிலையாகப் பதிந்து வைக்க வேண்டும். திரையில் ஓடி மறையும் ஒரு எச்சரிக்கை வரியைப் பதிவு என்று சொல்ல முடியாது.

டிபிகேஜி நின்றுவிடுகிறது, ஆர்பிஎம் எச்சரித்துவிட்டுப் போய்விடுகிறது, பேக்மேனும் போய்க்கொண்டே இருக்கிறது. யார் செய்வது சரி?

ஃபெடோராவின் பொதி மேலாளரான ஆர்பிஎம்மில் நிறுவலுக்கு முந்தைய ஸ்கிரிப்ட் தோற்றால் அந்தப் பொதி நிறுவப்படாது, நீக்கத்துக்கு முந்தையது தோற்றால் நீக்கப்படாது. நிறுவிய பின் இயங்குவது தோற்றால் ஒரு எச்சரிக்கை மட்டும் வரும், பொதி நிறுவப்பட்டதாகவே பதிவாகும். பாதி அமைக்கப்பட்டது என்று குறிக்க ஆர்பிஎம் தரவுத்தளத்தில் நிலையே இல்லை. பேக்மேனில் நிறுவிய பின் இயங்கும் செயல்கூறு தோற்றால், கட்டளை சரியாக இயங்கவில்லை என்ற ஒரு வரி வரும், பரிமாற்றம் தொடரும்.

இப்படித் தொடர்வதில் ஒரு நன்மை உண்டு. ஒரு பொதியின் கவனக்குறைவான ஸ்கிரிப்ட் நூறு பொதிகளின் மேம்படுத்தலைப் பிணை பிடிக்காது. குறையும் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து, எந்தப் பொதிகளில் அமைப்பு வேலை முடியாமல் இருக்கிறது என்று அந்தக் கணினியையே கேட்டால் அதற்கு விடை தெரியாது. டிபிகேஜியிடம் தணிக்கை செய் என்று கேட்டால் பட்டியலிட்டுத் தரும். என் தீர்ப்பு இந்த விஷயத்தில் டிபிகேஜியின் பக்கம்தான்.

ஆர்பிஎம்மின் வழியிலும் ஒரு பொறி உண்டு. மேம்படுத்தலின்போது புதிய பதிப்பு நிறுவப்பட்ட பிறகே பழையது நீக்கப்படுகிறது. அப்போது பழைய பொதியின் நீக்கத்துக்கு முந்தைய ஸ்கிரிப்ட் தோற்றால் பழையது போகாமல் தங்கி, ஒரே பொதியின் இரண்டு பதிப்புகள் தரவுத்தளத்தில் நிற்கும். ஸ்கிரிப்ட்கள் சுழியத்துடனேயே முடிய வேண்டும் என்று ஃபெடோரா தன் பொதியாளர்களுக்கு விதி வைத்திருப்பதன் பின்னணி இது. அப்படி இரட்டையாகத் தங்கியவற்றைக் களைய, ஃபெடோராவில் ஆப்ட்டின் இடத்தில் இருக்கும் டிஎன்எஃப்பில் தனி விருப்பமே இருக்கிறது.

கட்டளைகளின் கையேடான மேன் பக்கங்களின் பட்டியலைப் புதுப்பிக்க முடியவில்லை என்பதற்காக என் சர்வர் மேம்படுத்தல் நிற்பது நியாயமா?

நியாயமில்லை, அந்த நியாயமின்மையைக் குறைக்கத்தான் டிரிகர் முறை வந்தது. அது இல்லாமல், மேன் பக்கம் வைத்திருக்கும் ஒவ்வொரு பொதியும் தன் போஸ்ட்இன்ஸ்ட்டில் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதே வேலை பலமுறை நடக்கும், தோற்றால் அந்தந்தப் பொதியே தோற்றதாகக் கணக்காகும். டிரிகர் முறையில், மேன் அடைவில் எது மாறினாலும் எனக்குச் சொல்லுங்கள் என்று மேன்-டிபி பொதி முன்கூட்டியே சொல்லிவைக்கிறது. டிபிகேஜி அவற்றைச் சேர்த்துவைத்து அந்தப் பொதியின் போஸ்ட்இன்ஸ்ட்டைப் பின்னர் ஒன்றாக அழைக்கிறது. தோற்றால் தோற்றது மேன்-டிபி, மாற்றத்தைக் கொண்டுவந்த பொதி அல்ல.

முதலில் ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. டிரிகரைக் கிளப்பிய பொதி, அது முடியும் வரை காத்திருக்கும் நிலையில் வைக்கப்பட்டது. அந்த நிலையில் இருக்கும் பொதி தன்னைச் சார்ந்தவற்றின் தேவையை நிறைவு செய்யாது, ஆகவே சிறிய வேலையின் தோல்வி சங்கிலியாகப் பரவ முடிந்தது. பிறகு காத்திருக்க வேண்டாத டிரிகர் என்ற வகை சேர்க்கப்பட்டது. மேன்-டிபி, நூலகப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் ஆகிய இரண்டும் இன்று அந்த வகையையே பயன்படுத்துகின்றன. யார் தோற்றார்கள், யார் அதற்காகக் காத்திருக்க வேண்டும் என்ற இரண்டையும் பிரித்துப் பார்த்ததே இந்தத் திருத்தத்தின் சிறப்பு.

கெர்னல் மேம்படுத்தும்போது டிகேஎம்எஸ் தோற்றால் கெர்னலே பாதி நிலையில் நின்றுவிடுகிறது. ஒரு வைஃபை டிரைவருக்காகக் கெர்னலை நிறுத்துவது சரியா?

வெளியிலிருந்து வரும் டிரைவர்களைப் புதிய கெர்னலுக்கு ஏற்பக் கட்டித் தருவது டிகேஎம்எஸ். டெபியனில் கெர்னல் பொதியின் போஸ்ட்இன்ஸ்ட், அதற்கென உள்ள ஹூக் அடைவில் இருக்கும் ஸ்கிரிப்ட்களைப் பெயரின் அகர வரிசையில் ஒவ்வொன்றாக இயக்குகிறது, ஒன்று தோற்றால் அங்கேயே நிறுத்துகிறது. அந்த வரிசையில் டிகேஎம்எஸ் முதலில், இனிட்ராம்எஃப்எஸ் கட்டுவது அடுத்து, துவக்கப் பட்டியலைப் புதுப்பிக்கும் கிரப் ஸ்கிரிப்ட் கடைசியில். ஆகவே டிகேஎம்எஸ் தோற்றால் டிரைவர் கிடைக்காததோடு, புதிய கெர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் படமும் இருக்காது, துவக்கப் பட்டியலில் இடமும் இருக்காது.

கேட்டவரின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் இங்கே நிறுத்துவதே சரி என்பேன். அந்த டிரைவர் வைஃபைக்கானதா, தரவு முழுவதையும் தாங்கும் கோப்பு முறைமைக்கானதா என்பது கெர்னல் பொதிக்குத் தெரியாது. இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் வேர் அடைவை வைத்திருப்பவர், அதற்கான டிரைவர் கட்டப்படாமலேயே புதிய கெர்னலில் எழுந்தால் அவர் கணினி எழவே எழாது. பழைய கெர்னல் அப்படியே இருக்கிறது, கணினி அதில் எழும். மோசமான விளைவு மீட்க முடியாததாக இருக்கும்போது ஐயத்தின் பயனை எச்சரிக்கைக்குத் தர வேண்டும்.

அதோடு ஒரு நடைமுறைக் குறிப்பு. இந்த நிலையில் கணினியை விட்டுவிட்டு வேறு பொதிகளை நிறுவிக்கொண்டே போகாதீர்கள். வேறு ஏதாவது ஒன்று கிரப் பட்டியலைப் புதுப்பித்துவிட்டால், இனிட்ராம்எஃப்எஸ் இல்லாத புதிய கெர்னல் பட்டியலின் உச்சியில் வந்து அமர்ந்துவிடும். பூட் பிரிவில் இடமில்லாமல் இனிட்ராம்எஃப்எஸ் கட்டுவது தோற்கும்போதும் இதே ஆபத்து உண்டு. பழைய கெர்னல்களை நீக்கி இடம் உண்டாக்கிவிட்டு, நிலுவையில் உள்ள எல்லாவற்றையும் அமை என்று டிபிகேஜிக்குச் சொல்லுங்கள். மறுதொடக்கம் அதற்குப் பிறகுதான்.

ஸ்கிரிப்டில் ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னாலும் "தோற்றாலும் வெற்றி என்று சொல்" என்று சேர்த்துவிட்டேன். இப்போது பிழையே வருவதில்லை. தவறா?

இரண்டு செங்குத்துக் கோடுகளும் ட்ரூ என்ற சொல்லும் சேர்ந்த அந்தத் துண்டைச் சொல்கிறீர்கள். பிழை அப்படியே இருக்கிறது, அதைக் காட்டும் செய்திதான் வருவதில்லை. எந்தக் கட்டளையின் தோல்வி பொதியைப் பாதிக்காது என்று யோசித்து, காரணத்தை ஒரு குறிப்பாக எழுதி, அந்த ஒரு வரியில் மட்டும் இதைப் பயன்படுத்தினால் தவறில்லை. எல்லா வரியிலும் ஒட்டிவிட்டால், மேலே சொன்ன இரண்டாவது கேள்வியை நீங்கள் கேட்கவே இல்லை என்று பொருள்.

நேர்மையான கருத்து வேறுபாடு இருக்கும் இடமும் உண்டு. பொதிகளின் ஸ்கிரிப்ட்களைத் தானாக எழுதித் தரும் டெப்ஹெல்பரையே பாருங்கள். சேவைகளைத் தொடங்கும் பழைய முறையான இனிட் ஸ்கிரிப்ட்களுக்கான கருவி, சேவை தொடங்காவிட்டால் போஸ்ட்இன்ஸ்ட்டையும் தோற்கச் செய்யும். சேவைகளைத் தொடங்கி மேற்பார்க்கும் இன்றைய சிஸ்டம்டிக்கான கருவி அதே தோல்வியைப் பொருட்படுத்தாமல் கடந்துபோகும். சேவை தொடங்காததற்குக் காரணம் நிர்வாகி எழுதிய அமைப்புக் கோப்பாக இருக்கலாம், அதற்குப் பொதி பொறுப்பல்ல என்பது இரண்டாவதன் வாதம். அங்கே தோல்வியைச் சிஸ்டம்டி தானே பதிந்துவைத்துக் கேட்டால் சொல்கிறது என்பதால் அந்த வாதத்தை என்னால் ஏற்க முடிகிறது. பதிந்துவைக்க வேறு யாரும் இல்லாத தோல்வியை அப்படிக் கடந்துபோகக் கூடாது.

ஷெல்லின் பிழையில் நில் என்ற அமைப்பை மட்டும் நம்புபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழாயால் இணைத்த கட்டளைகளில் கடைசியானதன் முடிவு மட்டுமே பொதுவாகப் பார்க்கப்படும். நிபந்தனைக்குள் அழைக்கப்பட்ட செயல்கூறுக்குள் அந்த அமைப்பு வேலை செய்யாது.

துணை நிரல் கணினியில் இல்லவே இல்லை என்றால் அதுவும் தோல்விதானா?

அந்த வேலை எவ்வளவு அவசியமானது என்பதைப் பொறுத்தது. டாக்கரில் கண்டெய்னர் படம் கட்டுபவர்கள் எல்லோரும் ஒரு செய்தியைப் பார்த்திருப்பார்கள். ஆப்ட்-யூட்டில்ஸ் நிறுவப்படவில்லை, ஆகவே பொதி அமைப்பைத் தள்ளிவைக்கிறேன் என்று, பொதிகளின் அமைப்புக் கேள்விகளைப் பயனரிடம் கேட்கும் டெப்கான்ஃப் சொல்லும். கேள்விகளை நிறுவலுக்கு முன்பே கேட்டு முடிக்கும் வசதிதான் அதனால் போகிறது, நிறுவல் நின்றுவிடவில்லை. அதேபோல் உரையாடல் பெட்டி காட்ட முடியாவிட்டால் டெப்கான்ஃப் வெறும் வரிகளில் கேட்கும் முறைக்கு இறங்கும், அதுவும் முடியாவிட்டால் எதையும் கேட்காத முறைக்கு இறங்கும். ஒவ்வொரு இறக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டே இறங்குவதால் இதை முன்மாதிரியாகச் சொல்லலாம்.

கையொப்பம் சரிபார்க்கும் நிரல் இல்லை என்றால் இறங்கிப் போவதற்கு வழியே இருக்கக் கூடாது. சரிபார்க்க முடியவில்லை என்பதற்கும் சரிபார்த்துத் தவறு என்று கண்டதற்கும் செய்திகள் வேறாக இருக்கலாம், விளைவு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் இது உண்மையிலேயே பிரச்சினையாகியிருக்கிறதா, அல்லது வெறும் கோட்பாடா?

ஆப்ட்டிலேயே இரண்டு முறை ஆகியிருக்கிறது. 2016 டிசம்பரில் வெளியான குறை, கையொப்பமும் உள்ளடக்கமும் ஒன்றாக இருக்கும், பொதிக் களஞ்சியத்தின் இன்ரிலீஸ் கோப்பைப் பிரித்து வாசிக்கும் பகுதியில் இருந்தது. நினைவகம் போதாமல் ஒரு வரியை வாசிப்பது தோற்றதையும், கோப்பு இயல்பாக முடிந்ததையும் அந்தக் குறிமுறை வேறுபடுத்தவில்லை. வலைப்பின்னலின் நடுவில் இருப்பவர் மிக நீண்ட ஒரு வரியைப் புகுத்தி, கையொப்பச் சரிபார்ப்பைச் சுற்றிப் போக இது வழிவிட்டது. தோல்வியை முடிவு என்று தவறாகப் படித்ததுதான் ஓட்டை.

2019 ஜனவரியில் வெளியானது இன்னும் நுட்பமானது. ஆப்ட்டும், இணையத்திலிருந்து கோப்பை இறக்கித் தரும் அதன் துணை நிரலும் வரி வரியான செய்திகளால் பேசிக்கொள்கின்றன. சர்வர் வேறு முகவரிக்குப் போகச் சொன்னால் அந்த முகவரியைத் துணை நிரல் தன் செய்திக்குள் வைத்து ஆப்ட்டுக்கு அனுப்பும். முகவரிக்குள் வரி முறிவை ஒளித்துவைத்தால், கோப்பு வந்துவிட்டது, அதன் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்) இதுதான் என்ற போலிச் செய்தியையும் துணை நிரலின் வாயாலேயே சொல்லவைக்க முடிந்தது. இங்கே துணை நிரல் தோற்கவே இல்லை, பொய்யான வெற்றியைச் சொன்னது. ஆகவே வலைப்பின்னலைத் தொடும் துணை நிரல் தரும் வெற்றியையும் பொதி மேலாளர் தன் கையால் சரிபார்க்க வேண்டும்.

தோற்கவும் இல்லை, முடியவும் இல்லை, அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது. கால வரம்பு வைத்துக் கொன்றுவிடலாமே?

இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் நிரலுக்குக் கால வரம்பு இருக்க வேண்டும், ஆப்ட்டில் இருக்கிறது. பராமரிப்பு ஸ்கிரிப்ட்களுக்கு டிபிகேஜி கால வரம்பு வைப்பதில்லை, வைக்காததும் சரியே. பெரிய தரவுத்தளத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்ற மணிக்கணக்கில் ஆகலாம், பத்தாவது நிமிடத்தில் கொன்றால் சேதம் நாம் உண்டாக்கியதாகிவிடும். கொல்வதற்குப் பதில், எந்தப் பொதியின் எந்த ஸ்கிரிப்ட் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பொதி மேலாளர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். முடிவை மனிதர் எடுக்கட்டும்.

தொங்குவதற்கு ஒரு பழைய காரணத்தை மட்டும் சொல்லிவைக்கிறேன். டெப்கான்ஃப் பயன்படுத்தும் போஸ்ட்இன்ஸ்ட் ஒரு சேவையைப் பின்னணியில் தொடங்கும்போது, டெப்கான்ஃப் பேசும் குழாயை அந்தச் சேவை மரபுரிமையாகப் பிடித்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் முடிந்த பிறகும் குழாய் மூடாததால் டெப்கான்ஃப் காத்துக்கொண்டே இருக்கும். சேவையைத் தொடங்கும் முன் டெப்கான்ஃப்பை நிறுத்து என்ற ஒரு வரியைப் பொதியாளர் எழுதினால் போதும்.

நடுவில் மின்சாரம் போய்விட்டது. இனி முழுதாகத் திரும்ப நிறுவ வேண்டியதுதானா?

பெரும்பாலும் தேவையில்லை. டிபிகேஜி ஒவ்வொரு நிலை மாற்றத்தையும் தனி அடைவில் சிறு சிறு பதிவுகளாக எழுதி, பிறகே முதன்மை நிலைக் கோப்பில் சேர்க்கிறது. மறுபடி எழுந்ததும் ஆப்ட் அந்தப் பதிவுகளைக் கண்டு, டிபிகேஜி இடையில் நின்றுவிட்டது, முதலில் நிலுவையை முடியுங்கள் என்று சொல்லி வேறு எதையும் செய்ய மறுக்கும். அந்த மறுப்பு எரிச்சலூட்டினாலும் அது உங்கள் நன்மைக்கே.

நிலுவையை முடிப்பது என்பது பாதியில் நின்ற போஸ்ட்இன்ஸ்ட்டை முதலிலிருந்து மறுபடி இயக்குவதுதான். எத்தனை முறை இயக்கினாலும் ஒரே விளைவு வர வேண்டும் என்று டெபியனின் விதிநூல் பராமரிப்பு ஸ்கிரிப்ட்களிடம் கேட்பது இதற்காகவே. பயனர் ஏற்கெனவே இருந்தால் தோற்கும் ஸ்கிரிப்ட், முதல்முறை வென்று, இரண்டாம் முறை தன்னால் தானே மாட்டிக்கொள்ளும்.

ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை நிறுவும் என்பிஎம்மில் ஒரு பொதியின் போஸ்ட்இன்ஸ்டால் என்ன செய்தது என்றே தெரிவதில்லை. வெளியீட்டை மறைப்பது நல்லதா?

ஏழாம் பதிப்பிலிருந்து என்பிஎம் சார்புப் பொதிகளின் ஸ்கிரிப்ட்களைப் பின்னணியில் இயக்கி அவற்றின் வெளியீட்டை மறைக்கிறது. முன்னணியில் இயக்கு என்ற விருப்பத்தைக் கொடுத்தால் காட்டும். வெற்றியின்போது மறைப்பதில் தவறில்லை, ஏனென்றால் நூற்றுக்கணக்கான பொதிகளின் ஆரவாரத்தில் உண்மையான பிழை மூழ்கிவிடும். தோல்வியின்போது முழுவதும் வெளிவர வேண்டும், வென்றவற்றின் வெளியீடும் பின்னர் தேடி எடுக்க ஒரு கோப்பில் இருக்க வேண்டும். என்பிஎம்மிடமிருந்து மற்றவர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்று விருப்பச் சார்பு என்ற வகை. அப்படி அறிவிக்கப்பட்ட பொதி கட்டமுடியாமல் தோற்றாலும் மொத்த நிறுவல் தோற்காது. எது அவசியம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடும் முறை அது.

ஸ்கிரிப்ட்களே இல்லாமல் செய்துவிட முடியாதா?

அந்தத் திசையில்தான் எல்லோரும் நகர்கிறார்கள். எல்டிகான்ஃபிக்கை அழைக்கும் வரிகளை ஃபெடோரா 28 பதிப்பில் கைவிட்டு, கோப்பு டிரிகர்களிடம் அந்த வேலையை விட்டது. 2023இல் வந்த ஆர்பிஎம் 4.19, பயனர் கணக்குகளைப் பொதியில் அறிவித்தால் தானே உருவாக்குகிறது. ஆயிரம் பொதியாளர்கள் தனித்தனியாக எழுதிய பிழை கையாளும் வரிகளுக்குப் பதிலாக ஓரிடத்தில் நன்றாக எழுதிச் சோதித்த குறிமுறை கிடைக்கிறது.

ஆர்பிஎம்-ஆஸ்ட்ரீ வேறு வழியில் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பைத் தொடாமல் அருகிலேயே புதிய பிரதியைக் கட்டுகிறது, ஸ்கிரிப்ட்களை அடைப்புக்குள் இயக்குகிறது. நிறுவிய பின் இயங்கும் ஸ்கிரிப்ட் தோற்றால், சாதாரண ஆர்பிஎம்மைப் போல எச்சரிக்கையோடு விடாமல், மொத்த முயற்சியையும் தூக்கிப்போட்டுவிடுகிறது. எதுவும் மாறாத வரை நிறுத்துவதில் இழப்பில்லை என்று முன்பு சொன்னேன் அல்லவா, கடைசிப் படி வரை எதையும் மாற்றாமல் இருக்க இந்த அமைப்பு கற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால் தரவுத்தளத்தின் வடிவ மாற்றம் போன்றவை பிரதிக்கு வெளியே, உயிருள்ள தரவின் மேல்தான் நடந்தாக வேண்டும். அவற்றுக்கு ஸ்கிரிப்ட்கள் இருக்கவே செய்யும்.

நிறுவலும் முடியவில்லை, நீக்கவும் விடமாட்டேன் என்கிறது. ப்ரீஆர்எம்மே தோற்கிறது. என்ன செய்வது?

நீக்கும்போது ப்ரீஆர்எம் தோற்றால் டிபிகேஜி போஸ்ட்இன்ஸ்ட்டை, நீக்கம் கைவிடப்பட்டது என்ற குறிப்புடன் அழைக்கும். அதுவும் தோற்றால் பொதி பாதி அமைக்கப்பட்ட நிலையிலேயே நிற்கும். ஓடாத சேவையை நிறுத்த முயன்று, அது ஓடவில்லை என்பதையே தோல்வியாகச் சொல்லும் ப்ரீஆர்எம்கள் இதற்குப் பொதுவான காரணம்.

முதலில் பதிவுக் கோப்பைப் படித்து, ஸ்கிரிப்ட் எதிர்பார்ப்பதைக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். காணாமல்போன ஒரு அடைவை உருவாக்கினாலே பல நேரம் போதும். அடுத்து, திருத்தப்பட்ட புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். மேம்படுத்தலில் பழைய ப்ரீஆர்எம் தோற்றால் புதியதற்கு ஒரு வாய்ப்பு உண்டு என்று மேலே சொன்னது, பழைய பொதியின் பிழையைப் புதிய பொதி மீட்கட்டும் என்றே வைக்கப்பட்டது. இரண்டும் பயனளிக்காவிட்டால் மட்டும், டிபிகேஜியின் தரவு அடைவுக்குள் இன்ஃபோ என்ற அடைவில் அந்தப் பொதியின் பெயரில் இருக்கும் ப்ரீஆர்எம் கோப்பைப் பிரதி எடுத்துவைத்துவிட்டு, தோற்கும் வரியை மட்டும் திருத்துங்கள். முழு ஸ்கிரிப்டையும் காலியாக்காதீர்கள், மற்ற வரிகள் செய்யும் துப்புரவு வேலையும் போய்விடும். நீக்கி முடித்ததும், எந்த வரி எதனால் தோற்றது என்பதை அந்தப் பொதியின் பிழைப் பதிவில் எழுதிவிடுங்கள்.